கொட்டிலில் மின்னும் வேல்: அரிய மகிழுந்துச் சேகரிப்பில் நேர்ந்த மாற்றம்



தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார் உரைத்ததாக அமைந்தது புறநானூற்றின் 95-ஆம் பாடல். தொண்டைமானின் வேல்கள் அழகுற ஒப்பனை செய்யப்பட்டுக் காவலுள்ள மனையில் மின்னுகின்றன. அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கும் அப்பாடல், கருவியின் பெருமை அதன் பயன்பாட்டில் உள்ளது என்பதை உணர்த்துகிறது. மேலைநாட்டுச் செல்வர்கள் அரிய மகிழுந்துகளைச் சேகரிக்கும் முறையில் அரை நூற்றாண்டுக் காலத்தில் நேர்ந்துள்ள மாற்றத்தை அளந்தறிய இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது.

இத்தாலியின் மாரனெல்லோ நகரில் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் வண்டியைச் செய்தது. செய்யப்பட்டவை 36 மட்டுமே. மூன்று லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டர்களும் கொண்ட இயந்திரம் ஏறத்தாழ 300 குதிரைத்திறன் தந்தது. பந்தயத்தில் வெல்லுதல் ஒன்றே அதன் பிறவிப்பயன். புதிய வண்டிகள் அதனை முந்தத் தொடங்கியதும் அது வெறும் பழைய பந்தய வண்டியாயிற்று. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தரப்பட்டது. 1972-இல் அப்பள்ளி அதனைச் சுமார் 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவரிடம் அவ்வண்டி பல்லாண்டுகள் வெட்டவெளியில், இழுவண்டி ஒன்றின் மீது வெயிலிலும் பனியிலும் நின்றது.

அக்காலத்தில் இத்தகைய வண்டிகளை நாடியவர்கள் ஆர்வலர்கள். இயந்திரத்தின் ஒலி கேட்டே அதன் குறையை அறிந்தவர்கள். கையில் எண்ணெய்க் கறை படிவதை இழிவெனக் கருதாதவர்கள். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம் கலைஞர் நிக் மேசன் 1977-இல் ஒரு ஜி.டி.ஓ.வைச் சுமார் 35,000 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய நிலையில் அது சிறிய தொகையன்று. எனினும் அவர் அதனைப் பூட்டி வைக்கவில்லை. பந்தயக் களங்களில் ஓட்டினார்.

1980-களின் இறுதியில் காற்று திசை மாறியது. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தபின், முதலீட்டாளரின் பணம் வேறு இடம் தேடியது. ஜப்பானில் நிலமும் பங்கும் வீங்கிப் பெருகிய செல்வம் ஐரோப்பாவின் அரும்பொருள்களை நாடியது. பிரித்தானியாவில் மகிழுந்தை விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பதும் ஒரு தூண்டுதல். 1988 ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்ததும் அவர் காலத்து வண்டிகளின் விலை விண்ணை நோக்கிப் பாய்ந்தது. 1989-இல் ஒரு ஜி.டி.ஓ. 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

ஊக வணிகம், இன்னும் பிறவாத வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்.ஜே.220 என்னும் வண்டியை அறிவித்தபோது 50,000 பவுண்டு முன்பணம் கட்டி இடம்பிடிக்கப் பலர் முந்தினர். ஓட்டும் எண்ணமின்றி, வந்தவுடன் விற்றுப் பொருள் ஈட்டக் கருதியோரும் அவர்களுள் இருந்தனர். வண்டி ஆயத்தமாவதற்குள் சந்தை வீழ்ந்தது. பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்திற்குப் பதிலாக ஆறு சிலிண்டர் இயந்திரம் வந்தது, விலையும் ஏறியது. ஒப்பந்தத்திலிருந்து விடுபட விரும்பி வாங்குவோர் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். வாக்களித்தபடி அமையாத பொருளை மறுப்பது நியாயமே. ஆயினும் விலை ஏறிக்கொண்டே இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் சிலிண்டர்களை எண்ணியிருப்பர் என்னும் ஐயம் எழாமல் இல்லை.

அவ்வீழ்ச்சி பாடமாக நிலைக்கவில்லை. ஜி.டி.ஓ. ஒன்று 2018-இல் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கும், மற்றொன்று 2023-இல் 5 கோடியே 17 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயின. 1955-ஆம் ஆண்டைச் சேர்ந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். மூடு வண்டி 2022-இல் 13 கோடியே 50 இலட்சம் யூரோ பெற்றது. இவற்றினும் சிந்தனைக்குரியது 2021-இல் நடந்த மெக்லாரன் எஃப்1 ஏலம். 2 கோடி டாலருக்கும் மேல் விலைபோன அவ்வண்டி, பிறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் 400 கிலோமீட்டர் கூட ஓடியிருக்கவில்லை. மணிக்கு 380 கிலோமீட்டரைத் தாண்டும் ஆற்றல் படைத்த இயந்திரத்திற்கு, அது ஓடாமல் நின்றமைக்காகவே மிகுவிலை தரப்பட்டது!

விலையுடன் தகுதிவேட்கையும் கைகோத்துக் கொண்டது. இன்று பணம் இருந்தால் மட்டும் போதாது. நிறுவனமே வாங்குவோரைத் தேர்ந்தெடுக்கிறது. 2016-இல் ஃபோர்டு நிறுவனம் 500 ஜி.டி. வண்டிகளுக்கு விண்ணப்பம் கோரியபோது 6,500-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இரண்டாண்டுகளுக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதனை மீறிச் சில வாரங்களிலேயே விற்றதாக மல்யுத்த வீரர் ஜான் சீனா மீது 2017-இல் அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டில் அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது. ஊகத்தைத் தடுக்க எழுந்த வேலியே, உள்ளே நிற்போருக்குப் பெருமைச் சின்னமாகவும் ஆகிவிட்டது.

விலையேற்றத்தால் நன்மையே இல்லை என்பது நடுநிலையாகாது. வெட்டவெளியில் நின்ற அந்தப் பள்ளி வண்டி மீட்கப்பட்டுப் புத்துயிர் பெற்றதற்கு அதன் மதிப்பு உயர்ந்ததும் காரணமே. கிடைக்காத உதிரிப் பாகத்தைப் புதிதாக வார்த்தெடுக்கும் கைவினைஞர்க்கு ஊதியம் தருவதும் இப்பணமே. ஆனால் பணம் உடலைக் காக்கிறது. உயிரைக் காக்க அதனால் இயலவில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் அடைப்புகள் உலர்கின்றன, எரிபொருள் கெடுகிறது. ஒரு கீறலும் இலட்சக்கணக்கில் இழப்பாகும் நிலையில், உரிமையாளர் தம் வண்டிக்கே அஞ்சும் காவலாளி ஆகிறார். சிறு வருவாயுடைய ஆர்வலரோ, தாம் கையால் தொட்டுப் பழுது பார்த்த பொருளைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று காண வேண்டியவர் ஆகிறார். ஓட்டியும் பழுது பார்த்தும் வளர்ந்த அறிவு கைமாறாமல் தேய்ந்துபோவதே இதில் நேரும் பேரிழப்பு.

2019-இல் இத்தாலியின் போலோனா நீதிமன்றம் ஜி.டி.ஓ.வின் வடிவத்தைக் கலைப்படைப்பென ஏற்றது. அக்கலையின் முழுமை அசைவில்தான் உள்ளது. 1998 முதல் இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் நடைபெறும் பழம்பந்தய விழாவில் ஜி.டி.ஓ.க்கள் இன்றும் சீறிப் பாய்ந்துள்ளன. சில வேளை மோதி நசுங்கிப் பட்டறைக்கும் சென்றுள்ளன. விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்போர்க்கு அது பதறத்தக்க காட்சி. ஔவையார் கண்டிருப்பின், அந்தப் பட்டறை வாயிலில்தான் நின்று பாடியிருப்பார்.