முதல் ஐந்து நிமிடம்: பீடிகையும் பிள்ளைகளின் நாவும்



பாடத்தின் தொடக்கத்தில் நாம் நடத்தும் சிறு விளையாட்டைப் பற்றி இன்று பேச விழைகிறோம். பயிற்சிக் கழகங்களில் அதனைப் பீடிகை என்கிறோம். நாள் பாடத்திட்டத்தில் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம்; நேரம் குறைந்தால் முதலில் கைவிடுவதும் அதனையே. முதலாம் படிநிலைப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கைவிடலாகாது என்பது நம் கருத்து.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களை நினைவுகூர்வோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல வசதி குன்றியவை. எனினும், அங்கு வந்த பிள்ளையின் நா முன்பே பழகியிருந்தது. ஆயாக்கொட்டகையில் விடுகதை கேட்டது. லயத்து வாசலில் அஞ்சாங்கல்லும் கண்ணாமூச்சியும் ஆடியது. பின்னர் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் பல வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. லயத்து வாசல் செய்த பணியை இன்று வகுப்பறையே செய்தல் வேண்டும். அதற்கு உரிய நேரம் பீடிகை.

நம் பிழையொன்றையும் இங்குக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வட சிலாங்கூரில் ஒரு தோட்டப் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு வாரம் இருந்தோம். காலையில் என்ன உண்டீர்கள் என்று கேட்டோம். ஒரு சிறுமி எழுந்து, "வாளப்பளம்" என்றாள். நாம் உடனே திருத்தி, 'வாழைப்பழம்' என மும்முறை சொல்லச் செய்தோம். சொன்னாள், பின்னர் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. பேச்சுத் தமிழில் ழகரம் பல இடங்களில் ளகரமாய் ஒலிப்பதை மொழியியலார் அனைவரும் அறிவர். அச்சிறுமி தன் வீட்டில் கேட்ட தமிழைப் பிழையின்றியே பேசினாள். மொழியியலாராய் அறிந்ததை ஆசிரியராய் நின்றபோது மறந்தோம்.

மறுநாள் வேறு வழியில் முயன்றோம். இடக்கையைக் கவித்து அதனை மேலண்ணமாகவும், வலக்கையை நாவாகவும் கொள்ளச் சொன்னோம். விரல்நுனி முன்பக்கம் தொட்டால் 'ல்'. பின்னோக்கி வளைந்து மேலே அழுந்தினால் 'ள்'. வளைந்தும் அழுந்தாமல் நின்றால் 'ழ்'. தொல்காப்பியப் பிறப்பியல் ஆராயும் செய்தியே பிள்ளைகளின் கையில் விளையாட்டாயிற்று. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒலித்ததால் எவரும் தனித்து நாணவில்லை. அச்சிறுமியின் குரலும் அதில் கலந்திருந்தது.

இத்தகைய பீடிகைகள் இன்னும் இரண்டைக் கூறுவோம்.

முதலாவது, பெயர் அழைத்தல். அக்காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற பெற்றோர், பெயர் கேட்டதும் குரல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயினர். வகுப்பில் பெயர் அழைக்கும்போது, 'வந்தேன்' என்பதற்கு மாற்றாக, ஒவ்வொரு பிள்ளையும் அன்றைய எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைக் கூறட்டும். 'ம' என்றால் மழை, மரம், மின்மினியென்று வரும். 'மி' என்பது மகர வரிசையே என அப்போதே விளக்கலாம். கம்போங் குவாந்தானின் மின்மினிகளைக் கண்ட பிள்ளை அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தடுக்கவேண்டா.

இரண்டாவது, இரட்டைக்கிளவி. ஆசிரியர் 'சலசல' என்றால் பிள்ளைகள் கைகளை அலைபோல் அசைத்து 'ஆறு' என்பர். 'படபட' என்றால் சிறகடித்துப் 'புறா' என்பர். 'பளபள' என்றால் அவரவர் கண்ணில்பட்ட பொருளைச் சுட்டுவர். இரட்டித்தே வந்து, பிரிந்தால் அப்பொருள் தராத சொற்கள் இவை. இலக்கணம் கற்குமுன்பே அவ்வியல்பைச் செவி உணர்ந்துவிடும்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் குரலும் ஒருமுறையேனும் ஒலித்தல் வேண்டும். தோற்றவரை விளையாட்டிலிருந்து விலக்கலாகாது. பயிற்சி மிகுதியும் தேவைப்படுபவர் அவரே. வீட்டுத் தமிழை அந்நேரத்தில் திருத்தலாகாது. செந்தமிழ் வடிவத்தை ஆசிரியர் தம் வாயால் இயல்பாகச் சொல்லிச் செல்லலாம்.

அவ்வாரத்தின் இறுதிநாளில் அச்சிறுமி நம்மிடம் வந்து, தன் கைகளை அண்ணமும் நாவுமாய் வைத்து, "பழம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "எங்க பாட்டி பளம்னுதான் சொல்லுவாங்க" என்றாள். இரண்டும் தமிழே என்றோம். நாளை உங்கள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கும் இடம் தாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.