அந்தோனிக்குக் கிடைக்காத கொடை



1971இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவன் அந்தோனி நோலன். லேசாக அடிபட்டாலும் ரத்தம் நிற்காது, தோலில் கரப்பான், ஒரு கிருமித்தொற்று தீருமுன் அடுத்தது வந்துவிடும். மருத்துவர்கள் அதை விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய் என்றார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைப்பான் என்ற நம்பிக்கையில் தாய் ஷெர்லி அவனை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பொருந்தும் மஜ்ஜை குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

அந்த நோயின் வேர் அன்று யாருக்கும் தெரியாது. அது ஆக்டின் என்ற புரதத்தை ஆளும் பொறுப்பில் இருந்தது.

1942இல் ஹங்கேரியின் செகெட் நகரில், தசையிலிருந்து ஸ்ட்ராப் என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்த புரதம் ஆக்டின். அதன் மணிகள் தாமாகவே கோத்துக்கொண்டு, ஏழு நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகும். செல்லுக்கு உருவமும் நகரும் வலுவும் அந்த இழைகளால்தான். ஆனால் கண்டபடி கோத்துக்கொண்டே போனால் செல் நகர முடியாது. அதனால்தான் ஆக்டினைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல. உபரி மணிகளைத் தைமோசின் பிடித்துவைக்கிறது. வளரும் நுனிக்கு மணியைக் கொண்டுசேர்ப்பது புரொஃபிலின். வேறொரு புரதம் நுனியை மூடி வளர்ச்சியை நிறுத்துகிறது. பழைய இழையைக் கோஃபிலின் வெட்ட, அந்த மணிகள் புது இழைக்குப் போகின்றன. கோபுரத்துக்குச் சாரம் கட்டுவோர் ஒரு பக்கம் அவிழ்த்த கழியை மறுபக்கம் கட்டுவதைப் போன்ற வேலை இது.

ஓர் இழையின் பக்கவாட்டில், ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில், புதுக் கிளையை முளைக்க வைப்பது ஆர்ப்2/3 என்ற கூட்டுப்புரதம். அதை ரத்த செல்களில் தட்டியெழுப்புவது வாஸ்ப் என்ற புரதம். சும்மா இருக்கும்போது வாஸ்ப் தன்னைத்தானே மடித்துப் பூட்டிக்கொள்ளும். சிடிசி42 என்ற புரதம் வந்து தொட்டால்தான் திறக்கும். விஸ்காட்-ஆல்ட்ரிச் நோயில் இந்த வாஸ்ப்தான் பழுது. கிருமி இருக்கும் திசை தெரிந்தும் வெள்ளையணுக்களால் ஒழுங்காக அங்கே ஊர்ந்துபோக முடிவதில்லை.

வாஸ்ப் மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் ஆர்ப்2/3உம் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரியில் அகப்பட்டது. அமீபாவை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பின்னாளில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், மஜ்ஜையில் ரத்த செல்களை உண்டாக்கும் குருத்தணுக்களைக் குழந்தையிடமிருந்தே எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பாரிஸும் லண்டனும் 2015இல் வெளியிட்ட முடிவுகளில், சிகிச்சை பெற்ற ஏழு பேரில் ஆறு பேர் தேறினர். ஆனாலும் இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சை இன்னும் பிறர் தரும் குருத்தணுதான்.

மகனுக்காக ஷெர்லி 1974இல் லண்டனில் கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். உலகிலேயே அதுதான் முதலாவது. அந்தோனிக்குக் கடைசிவரை பொருத்தம் கிடைக்கவில்லை. 1979இல், ஏழு வயதில் இறந்தான்.

பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியில்தான் அமைகிறது. பதிவேட்டில் நம் தமிழர்கள் குறைவு. அதனால் நம் பிள்ளைகளுக்குக் கொடையாளர் கிடைப்பது அரிது. ஷெர்லி தொடங்கி, இன்று மகன் பெயரைத் தாங்கும் அந்தோனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரை சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். இளையோரே, இந்த வாரமே உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள்.