மூன்றணாக் கணக்கு

பட்டம் வாங்க வந்திருக்கும் செல்வங்களே,

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அப்போது நீங்கள் முதலாண்டு மாணவர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்காக உலை வைத்தார்கள். செய்துங்கநல்லூரில் வீடு மூழ்கிய இந்துக் குடும்பங்கள் பள்ளிவாசலில் தங்கின. எந்தப் பந்தியிலும் யாரும் யாரையும் 'நீ எந்த ஆளு?' என்று கேட்கவில்லை.

நானும் நண்பர்களும் நான்காம் நாள் ஒரு வேன் நிறைய ரொட்டி ஏற்றிக்கொண்டு ஏரல் பக்கம் போனோம். எங்கும் முழங்கால் உயரத்துக்குச் சேறு. வாசலில் நனைந்த பாயை உதறிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எங்களுக்கு ரொட்டி வந்து குமிஞ்சு கெடக்கு ஐயா. அந்தக் கடைசித் தெருவுக்கு ஒரு வண்டியும் போகல. அங்க கொண்டு போங்க. போகும்போது வெளக்குமாறும் பினாயிலும் வாங்கிட்டுப் போங்க" என்றார். ரோட்டோரம் நிறுத்திப் பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்பும் உத்தேசத்தில்தான் நாங்கள் வந்திருந்தோம். 'யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை?' என்ற கேள்வி, சொந்த வீட்டைச் சேற்றில் விட்டிருந்த அந்த அம்மாவுக்குத் தோன்றியது. படித்த எங்களுக்குத் தோன்றவில்லை.

பேரிடர் வந்தால் இன்னொரு கேள்வியும் கூடவே கிளம்பும்: 'இது ஏன் வந்தது?' ஆற்றங்கரையையும் குளத்தையும் பார்த்து இதைக் கேட்டால் பயன் உண்டு. நாம் வானத்தைப் பார்த்துக் கேட்கிறோம். பாவம் பெருத்துப்போச்சு, சாமிக்குக் கோபம் என்று செல்போனில் குரல் பதிவுகள் பறக்கின்றன. அப்புறம் 'யார் செய்த பாவம்?' என்று விரல் நீளும். விரல் நீண்ட இடத்தில் பந்தி கலைந்துவிடும்.

இந்த விவாதத்துக்கும் உங்கள் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1934 ஜனவரி 15 அன்று, இங்கே பொங்கல் கொண்டாடிய கையோடு, பீகாரையும் நேபாளத்தையும் நிலநடுக்கம் தாக்கியது. 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முங்கேர் நகரம் தரைமட்டமானது. வயல்கள் வெடித்து மணலும் நீரும் பீறிட்டு, விளைநிலம் மணல்காடானது. அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று பேசினார்.

மகாத்மா என்று காந்தியைப் போற்றிய தாகூருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. இயற்கையின் நிகழ்வை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று மறுப்பு எழுதினார். தீண்டாமையை எதிர்ப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தண்டனை என்றால், தீண்டாமையை இழைத்தவர் தப்பிக்க, ஏழையும் குழந்தையும் ஏன் சாக வேண்டும்? காந்தி அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்டு, பக்கத்திலேயே பதிலும் எழுதினார். தம் நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், இதில் தாகூர் சொன்னதே சரி. பூமிக்கடியில் பாறைத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அவற்றுக்குச் சாதி தெரியாது. தீண்டாமை பாவம் என்பதற்கு நிலநடுக்கம் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை; நிலம் அசையாத நாளிலும் அது பாவம்தான். ஆனாலும் தன்னை மறுத்தவரின் எழுத்தைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்ட காந்தியின் நேர்மையை மறக்காதீர்கள். இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில்கூட அது அரிது.

அந்தப் பீகாருக்கு நம் தமிழர் ஒருவர் போனார். தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஜே.சி. குமரப்பா. இயேசுவின் போதனைகளைப் பற்றி நூல் எழுதியவர். ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் நிதியை மேற்பார்ப்பது அவர் பொறுப்பு. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று அவர் வரம்பு கட்டியிருந்தார். மார்ச் மாதம் காந்தி தம் பரிவாரத்தோடு வந்தார். அவர்களுடைய உணவுக்கும் கார் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து காசு தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். நிவாரண வேலைக்காகத்தானே வந்திருக்கிறேன் என்று காந்தி கேட்டார். வீடிழந்தவர்களுக்கென்று மக்கள் கொடுத்த பணம் இது, எல்லாருக்கும் விதி ஒன்றுதான் என்று குமரப்பா விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டார்.

யாருடைய பாவம் என்ற விவாதம் பத்திரிகையில் நடந்துகொண்டிருந்தபோது, குமரப்பா நோட்டைத் திறந்து வைத்து மூன்றணாவைக் காத்தார். மதம் கற்பித்த ஒழுக்கம் கணக்குப் புத்தகத்தில் இறங்கிய இடம் அது.

மாணவச் செல்வங்களே, முதல் வாரத்து ஈரம் நம் மக்களிடம் எப்போதும் உண்டு; அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது மாதத்தில்தான் சோதனை. பயனாளிப் பட்டியல் எழுதும்போது கடைசித் தெரு விடுபடும். சொந்தக்காரர் பெயர் இரண்டு தடவை வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையோரத்தில் தலித் குடும்பங்கள் பல நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதை நாடு பார்த்தது. அந்தப் பட்டியல்களை எழுதியவர்களும் படித்தவர்களே.

நாளை அந்தப் பேனா உங்கள் கையில் இருக்கும். உங்களில் ஒருவர் வருவாய்த்துறையில் இருப்பார், ஒருவர் வங்கியில், ஒருவர் தணிக்கை அலுவலகத்தில். கோயிலுக்குப் போங்கள், பள்ளிவாசலுக்குப் போங்கள், தேவாலயத்துக்குப் போங்கள். எங்கும் போகாமலும் இருக்கலாம். அது உங்கள் விருப்பம். ஆனால் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை எழுந்து, அந்தக் கடைசித் தெருவரை நடந்து பார்த்துவிட்டு வந்து போடுங்கள்.