பட்டாசு ஆலையில் இடைவெளி

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றை முதன்முறை காண்பவர், பொட்டல் வெளியில் ஏன் இத்தனை சின்னஞ்சிறு அறைகள் தனித்தனியே நிற்கின்றன என்று வியப்பார். அந்த இடைவெளிதான் முதற் காவல். ஓர் அறை வெடித்தால் அடுத்ததற்குத் தீ தாவலாகாது. மருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை நிலத்தில் இறக்க வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்து பற்றச் சிறு உராய்வே போதும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் அங்கு வேலை செய்தவர் அல்லர்; வெடியோசை கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடி வந்தவர்கள். அடுத்து நேர்ந்த வெடிப்பு அவர்களைப் பலி கொண்டது.

தொழிலாளரின் அறியாமையே இத்தகைய விபத்துகளுக்குக் காரணம் என்பர் சிலர். நான் அதனை ஏலேன். கூலியோ உருப்படிக் கணக்கில், தீபாவளியோ நெருங்குகிறது. நால்வர் அறையில் எண்மர் அமர்கின்றனர்; புழுக்கம் தாளாமல் மருந்தும் மரத்தடிக்கு வருகிறது. அங்கே இடைவெளி ஏது? அறைகளை அளக்க வரும் ஆய்வாளர், கூலிக் கணக்கேட்டையும் புரட்டிப் பார்த்தல் நன்று.