படைப்பணி முடித்துத் திரும்பும் பெண்கள்



திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவைக் கடந்து காட்டு வழியே மேலேறினால், அகத்தியமலைச் சாரலில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் வரும். அங்குள்ள லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோரில் பலர் தமிழர்களே. தோட்டம் நொடித்துப் போயிற்று. தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. லயங்கள் பழுதடைந்து நிற்கின்றன. படைப்பணி புரிந்த பெண்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தில் தொடங்குவானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டில் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்களில் பலர் இத்தகைய லயங்களிலிருந்தே புறப்பட்டவர்கள்.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய பெண்களைத்தான் குறிப்பிடுகிறோம். நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். இந்திய மண்ணைக் கண்ணாலும் கண்டிராத பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் பர்மா வரை சென்று, 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கி, இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் திரும்பினார்கள்.

படை கலைந்த பிறகு என்ன ஆயிற்று? கேப்டன் லட்சுமி கான்பூரில் மருத்துவமனை வைத்து, அகதிகளுக்கும் ஏழைகளுக்கும் முதுமை வரையில் தொண்டு செய்தார். ஜானகி தேவர் மலாயாவில் பொதுவாழ்வில் ஈடுபட்டுப் புகழ் பெற்றார். இவர்கள் பெயர்களை நாடு அறியும். தோட்டத்திலிருந்து வந்த பெண்ணோ, மீண்டும் பால் வெட்டும் கத்தியைக் கையிலெடுத்தாள். அவளிடம் சான்றுத்தாள் ஒன்றும் இல்லை. 1972-இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, சிறைவாசத்திற்கு ஆவணம் வேண்டும், அன்றேல் உடன் சிறையிருந்தோர் சான்று வேண்டும் என்பது விதியாயிற்று. விதி தவறென்று கூறமாட்டோம். பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டுமன்றோ? ஆயினும் எழுத்தறியாத ஒருத்தி, தோழியர் நாலா திசையும் சிதறிய பின், யாரைத் தேடிச் சான்று வாங்குவாள்? அருகில் அமர்ந்து அவள் வரலாற்றைக் கேட்டு எழுதித் தர ஓர் ஆள் இருந்திருந்தால், அதுவே பெருந்தொண்டாக இருந்திருக்கும்.

இன்றைய நிலை வேறு. இராணுவச் செவிலியர் நெடுங்காலமாகப் பணி புரிகிறார்கள். 1992 முதல் மற்றப் பிரிவுகளிலும் பெண்கள் அதிகாரிகளாயினர். அவர்களுக்கும் நிரந்தரப் பணி உரியதென்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2021-இல் இராணுவப் போலீசில் முதல் பெண் சிப்பாய்கள் பயிற்சி முடித்தனர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்திலும் பெண்கள் சேர்கின்றனர். இத்திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். நால்வரில் ஒருவர் வரையில் தொடர்ந்து பணிபுரிய வாய்ப்புப் பெறலாம். ஏனையோருக்கு ஒரு தொகை கிடைக்கும், ஓய்வூதியம் இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பெண் வீடு திரும்புவாள். கையிலுள்ள தொகையைக் கண்டு உடனே மாப்பிள்ளை பார்க்கும் உறவினரும் உண்டு! படிப்பைத் தொடரவோ தொழில் தொடங்கவோ அவள் விரும்பினால், அப்பணம் அவள் பெயரிலேயே வங்கியில் இருக்கும்படி பெற்றோரிடம் எடுத்துரைப்பவர் தேவை. இவ்வேலைக்கு ஊர்ப் பள்ளி ஆசிரியையும், மாதர் சங்கத்தாரும், மகளிர் சுய உதவிக் குழுவினருமே மிகப் பொருத்தமானவர்கள்.

ஆனால் அதற்கு முன்னர் ஒன்று உண்டு. மருத்துவமனையிலோ சங்கத்திலோ அலுவலகத்திலோ ஒரு பெண் வந்து நின்றால், “உம்முடைய கணவர் பட்டாளத்தில் இருந்தாரா?” என்றே கேட்கிறோம். “நீங்கள் இருந்தீர்களா?” என்று கேட்பதில்லை. கேட்காத வரையில் அவளும் சொல்லாள். சொல்லாதவளுக்கு எந்த உதவியும் சென்று சேராது. விண்ணப்பத் தாளில் இக்கேள்வியை ஒரு வரியாகச் சேர்க்கச் செலவொன்றும் இல்லை.

அயல்மாநிலத் தமிழர்களாகிய நமக்குத் தனித் தொல்லை ஒன்றும் இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு படையில் சேர்ந்தவள், மணமான பின் கணவரின் தலைப்பெழுத்தைக் கொள்கிறாள். வாக்காளர் அட்டையில் மலையாளத்திலோ கன்னடத்திலோ பெயர் வேறு விதமாக அமைந்து விடுகிறது. மூன்று தாள்களில் மூன்று பெயர்! ஓய்வூதியமோ மருத்துவ அட்டையோ கேட்கும்போது இது பெருந்தடையாகிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. மணமாகி வேறு மாநிலம் சென்றால் பதிவையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளூர் மொழி அறிந்த ஒருவர் துணைக்குச் சென்றால், வாரக்கணக்கில் இழுக்கும் வேலை ஒரு நாளில் முடியக்கூடும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவிற்குச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கு இதற்குப் போதும்.

உடல் நோயையும் மனத்துயரையும் பற்றியும் சொல்ல வேண்டும். பணிக்காலத்தில் நேர்ந்த துன்பங்களை, அவமதிப்புகளைக்கூட, பல பெண்கள் வீட்டில் சொல்வதில்லை. அவற்றைத் துருவிக் கேட்பது தொண்டர் வேலையன்று. கேட்டதைப் பிறரிடம் கூறாத ஒரு பெண் தொண்டர் தனியிடத்தில் இருக்கிறார் என்று தெரிவித்தால் போதும். நம்பிக்கை வந்தபின் அவளே பேசுவாள். தேவையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் நடைபெறுகிறது. அதில் சேரும் தகுதி உண்டா என்பதைத் தாள்களைக் கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும். போனக்காடு போன்ற மலையூரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் சென்று திரும்ப ஒரு நாள் போய்விடும். அன்று அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், மாடு இருந்தால் மாட்டைக் கட்டவும் அடுத்த லயத்தில் ஓர் ஆள் வேண்டும்.