உள்ளேன் ஐயா



"பண்டிகை வாழ்த்து வெறும் சடங்காகிவிட்டதா?" என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர்கள் ஆம் என்றார்கள். தீபாவளி விடிவதற்குள் கைத்தொலைபேசியில் குத்துவிளக்குப் படங்கள் குவிந்துவிடுகின்றன, அனுப்பியவர் யார் என்றுகூட யாரும் பார்ப்பதில்லை என்றார்கள். உண்மைதான். ஆனாலும் நான் இல்லை என்ற பக்கத்தில் நின்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருக்குவழி வாழ்த்தை நம் காலத்தவர் கண்டுபிடிக்கவில்லை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு, வந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைப் படம் வரையச் சொல்லி, சுமார் ஆயிரம் அட்டைகளை அச்சடித்தார். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அப்படித்தான் பிறந்தது. இன்று நாம் ஏக்கத்தோடு நினைக்கும் வாழ்த்து அட்டையே வேலையை மிச்சப்படுத்த வந்ததுதான்!

குறுஞ்செய்தியின் கதையும் சுவையானது. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் தேதி பிரிட்டனில் அனுப்பப்பட்டது. நீல் பேப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து அனுப்பிய அந்தச் செய்தியும் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். பெற்றவரால் பதில் அனுப்ப முடியவில்லை. அவருடைய தொலைபேசியில் எழுத்துகளைத் தட்டி அனுப்பும் வசதியே அப்போது இல்லை.

இன்று நமக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆகவே வாழ்த்து எந்த வழியில் வந்தது என்பது பெரிதல்ல. அதற்குப் பதில் சொன்னோமா, பதில் சொல்லாதவர் யார் என்று கவனித்தோமா என்பதே பெரிது.

கூட்டம் பெருகும்போது இதன் அருமை தெரியாது, குறையும்போதுதான் தெரியும். சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தொடங்கிய பள்ளி அது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 1982-ல் மூடப்பட்டது. அவ்வாண்டு 16 வயது மாணவராக இருந்தவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. மூடப்பட்ட பள்ளிக்குப் புதிய பழைய மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள். மலேசியாவில் தோட்டம் துண்டாடப்பட்டு நகரங்களுக்குச் சிதறிப்போன குடும்பங்களின் நிலையும் இதுதான். ஒருவர் மறைந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் குழு உண்டு. ஆண்டு முழுவதும் மௌனமாக இருக்கும். தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் உயிர் பெறும். அதில் ஒரு பெரியவர் எப்போதும் முந்திக்கொண்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு வாழ்த்துவார். ஒரு பொங்கலன்று அவர் வாழ்த்து வரவில்லை. அதைக் கவனித்தவர் அவருடன் படித்த ஒரு முஸ்லிம் நண்பர். தொலைபேசியில் அழைத்தார், பதில் இல்லை. மறுநாள் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனார். பெரியவரின் மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். "யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று இருந்துவிட்டேன்" என்றாராம். இப்போது மூவரும் சனிக்கிழமைதோறும் காப்பிக்கடையில் ஒன்றாகப் பசியாறுகிறார்கள்.

அந்தக் குழுவில் பண்டிகை வாழ்த்து என்ற "சடங்கு" இல்லாதிருந்தால், அவர் மௌனம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்போம். அந்தச் சொல்லில் கவிதை இல்லை, புதுமையும் இல்லை. ஆனால் குரல் வராவிட்டால் ஆசிரியர் தலைநிமிர்ந்து பார்ப்பார். பண்டிகை வாழ்த்தும் அப்படி ஒரு வருகைப் பதிவுதான்.

எனவே நேயர்களுக்கு மூன்று வேண்டுகோள். படத்தை அனுப்புங்கள், தவறில்லை. கூடவே அவர் பெயரையும் ஒரு வரியில் எழுதுங்கள். பண்டிகை முடிந்த வாரத்தில், வழக்கமாக வாழ்த்துபவர்களில் யார் வாழ்த்தவில்லை என்று பார்த்து, அவரை அழைத்துப் பேசுங்கள். "இங்கே யாரும் பேசுவதில்லை" என்று சொல்லிப் பழைய குழுக்களைக் கலைத்துவிடாதீர்கள். பேசாமல் இருப்பவர்களும் அங்கே ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள்.

சடங்கைப் பயனுள்ளதாக்குவது நம் கையில் இருக்கிறது.