தடயவியலில் ஈக்களின் சாட்சியம்



கருவாடு காயவைக்கும் நம் கடற்கரைத் தாய்மார்கள் விரட்டி விரட்டிச் சலித்த ஒரு பூச்சியைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். மீனை மொய்க்கும் அந்த நீலப்பச்சை ஈக்கு 1794இல் டென்மார்க்கு அறிஞர் ஃபாபிரிசியஸ் மெகாசெபலா, அஃதாவது பெருந்தலை, எனப் பெயரிட்டார். நமக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடியிலிருந்து சென்ற பூச்சிகளையும் ஆராய்ந்தவர் அவர்.

இந்த ஈ கொலை வழக்கில் சாட்சியாகிறது. வெளியில் கிடக்கும் பிணத்தைத் தேடி வந்து விரைவில் முட்டையிடும். புழுவின் வளர்ச்சியை அளந்து, அவ்விடத்து வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இறந்து குறைந்தது எத்தனை நாளாயிற்று எனக் கூறலாம். 1850இல் பிரான்சில் ஒரு வீட்டில் புகைபோக்கியருகே குழந்தையின் உடல் கிடைத்தது. பெர்ஷெரே என்னும் மருத்துவர் பூச்சிகளைக் கொண்டு காலத்தைக் கணிக்க, அப்போது குடியிருந்தோர் மேலிருந்த ஐயம் நீங்கிற்று. ஆனால் ஈயின் வளர்ச்சிக்கு ஓராண்டு ஆகும் என்று அவர் தவறாக எண்ணியிருந்தார்!

தவறு நேரக்கூடிய இடமும் அதுவே. சிற்றினத்துக்குச் சிற்றினம் வளர்ச்சி வேகம் வேறு. மெகாசெபலாவின் புழுவையும் அதன் நெருங்கிய உறவான பிங்குயிஸின் புழுவையும் கண்ணால் பிரித்தறிதல் கடினம். ஈயை மாற்றிச் சொன்னால் நாள் மாறும். நாள் மாறினால், அன்று ஊரில் இருந்தவன் குற்றவாளியாவான். எந்நாள் எவ்வயலில் கூலி வேலை செய்தோம் என்பதற்குச் சீட்டு வைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர்?

புழுவை வளர்த்து ஈயாக்கிப் பார்க்கலாமே எனின், பத்து நாள் அளவாகும். செத்த புழுவோ வளராது. எனவே 1994இல் கனடாவில் ஸ்பெர்லிங்கும் உடனிருந்தோரும் டி.என்.ஏ.யைக் கொண்டு இவ்வகை ஈக்களைப் பிரித்துக் காட்டினர். உயிரணுவின் மைட்டோகாண்டிரியத்தில் உள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளே சிற்றினத்தின் அடையாளமாகப் பயன்படும் என்று 2003இல் பால் ஹெபர்ட் எடுத்துரைத்தார். ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்குப் படிகள் பல உண்டாதலால், முட்டையோ காலியான கூட்டுப்புழு ஓடோ கிடைத்தாலும் படிக்க இயலும்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. நம் நாட்டிலும் காணப்படும் லூசிலியா குப்ரினா என்னும் ஈயை ஹவாய்த் தீவில் ஆராய்ந்தபோது, அதனுள் செரிகாட்டா என்னும் வேறு சிற்றினத்தின் மைட்டோகாண்டிரியம் இருந்தது. முன்னெப்போதோ நேர்ந்த கலப்பில் தாய்வழி வந்தது அது. ஆதலின் உட்கருவின் மரபணுவொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இத்தனையும் பிணத்தருகே முதலில் நிற்பவர் கையில் உள்ளது. புழுவை ஃபார்மலினில் இட்டால் டி.என்.ஏ. சிதையும். ஆல்கஹாலில் சிலவற்றையும், உயிரோடு சிலவற்றையும் அன்றே எடுத்துவைத்தல் வேண்டும்.